இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின்: கட்டிலிலிருந்து மைதானம் வரை

'இடுப்புல ஆபரேஷன்' என்று சொன்னதும் எங்கள் தெருவில் பாதிப்பேர் நான் எங்கோ வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டதாக நினைத்தார்கள். மீதிப்பேர் முதுகுத்தண்டு என்று முடிவுகட்டி, எனக்குத் தைலம் சிபாரிசு செய்தார்கள். எனக்கு நடந்தது இரண்டும் இல்லை. வாரம் மூன்று நாள் கால்பந்து ஆடும் ஒருவனுக்கு இடது இடுப்பு மூட்டுக்குள் கிழிந்திருந்த ஒரு வளையத்தைத் தைத்தார்கள். ஆர்த்ரோஸ்கோபி என்ற நுண்துளை அறுவை. இதே அறுவைக்குத் தேதி வாங்கியிருப்பவர்களுக்கும், இப்போதுதான் வீடு திரும்பி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

தொடை எலும்பின் உச்சி ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது உட்காரும் இடம் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, குழாய்க்குப் போடும் வாஷர் மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. அதன் பெயர் லேப்ரம். சிலருக்குப் பந்தும் அதன் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும், அல்லது கிண்ணத்தின் விளிம்பு அதிகமாக நீண்டிருக்கும். காலை மடக்கித் திருப்பும் ஒவ்வொரு முறையும் எலும்பு அந்த வளையத்தில் இடிக்கும். பல வருடம் இடித்தால் கிழியும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2003இல் இதை விரிவாக விளக்கி எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க இது பரவலாகக் கவனிக்கப்பட்டது. நானே இதைத் தொடையிடுக்குத் தசைப்பிடிப்பு என்று நம்பி ஒன்றரை வருடம் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒரு விரலால் காட்டாமல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுகிறீர்களா? மருத்துவர்கள் அந்தக் கைவைப்பைப் பார்த்தாலே மூட்டைச் சந்தேகிப்பார்கள்.

அறுவையில் காலை இழுத்துப் பிடித்து, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டாக்குவார்கள். இரண்டு மூன்று துளை வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, லேப்ரத்தைத் தைத்து, புடைத்த எலும்பைச் சீவிவிடுவார்கள். வெளியே தெரியும் காயம் விரல் நக அளவுதான். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

இன்னொன்று. இங்கே நான் சொல்லும் வாரக் கணக்கெல்லாம் பொதுவானது. உங்கள் மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்தது வேறாக இருந்தால், அந்தத் தாளே சரி.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்க வேண்டியவை

மயக்கம் தெளிந்த அன்றே கேட்காதீர்கள், மறந்துவிடும். மறுநாள் வீட்டார் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நான்கு கேள்வி கேளுங்கள். லேப்ரத்தைத் தைத்தீர்களா, நறுக்கி மட்டும் விட்டீர்களா? எலும்பைச் சீவினீர்களா? குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் சிறுசிறு துளை போட்டீர்களா? மூட்டைச் சுற்றிய உறையைத் திரும்ப மூடித் தைத்தீர்களா?

இந்த நான்கு பதிலும்தான் உங்கள் கால அட்டவணை. நறுக்கி மட்டும் விட்டவர் சீக்கிரமே ஊன்றுகோலை விட்டுவிடலாம். தைத்தவருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குருத்தெலும்பில் துளை போட்டிருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை எடையைக் குறைத்தே ஊன்ற வேண்டும். உறையைத் தைத்திருந்தால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதற்கும் காலைப் பின்னால் நீட்டுவதற்கும் சில வாரம் தடை இருக்கும். 'என் மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான், பத்தாம் நாளே நடந்துட்டான்' என்று யாராவது சொன்னால், மச்சானிடமும் இந்த நான்கு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டைத் தயார்செய்வது

இதை அறுவைக்கு முந்தைய வாரமே செய்துவிட வேண்டும். நம் வீடுகளில் வாழ்க்கை தரையோடு ஒட்டியது. சாப்பிடச் சம்மணம், காய் நறுக்கக் குத்துக்கால், தூங்கப் பாய், கழிவறையிலும் குந்துவது. இடுப்பு மூட்டை முழுக்க மடக்கித் திருப்பும் வேலைகள் இவை. முதல் சில வாரங்களில் தடை செய்யப்படுவதும் இவையேதான். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் தரும் அறிவுரைத் தாள்கள் இந்தத் தரை வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அதனால் நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ வாங்குங்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரப் போகக் கூடாது; தாழ்வான சோபாவை மறந்துவிடுங்கள். குளிக்க உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல், தரையில் ரப்பர் விரிப்பு. நடைவழியில் கிடக்கும் மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். ஊன்றுகோலின் நுனி மிதியடியில் சறுக்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். கையில் ஊன்றுகோல் இருந்தால் காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பது எனக்கு முதல் நாள் காலையில்தான் உறைத்தது. கழுத்தில் தொங்கவிடும் ஒரு துணிப்பையும் மூடி போட்ட பாட்டிலும் அந்தப் பிரச்சினையைத் தீர்த்தன.

ஊன்றுகோலையும் முன்கூட்டியே வாங்கி, உயரம் சரிசெய்து, மாடிப்படியில் பழகிவிடுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில். வலி மருந்தின் மயக்கத்தில் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது சிரமம்.

முதல் இரண்டு வாரம்

வேலை குறைவு, கட்டுப்பாடு அதிகம். பெரும்பாலும் பாதத்தைத் தட்டையாகத் தரையில் வைத்து, சுமார் 10 கிலோ எடையை மட்டும் இறக்கச் சொல்வார்கள். பத்து கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் மெஷின் மீது அந்தப் பாதத்தை வைத்து, முள் பத்தைத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். தினம் இரண்டு முறை செய்தால் காலுக்கு அளவு பிடிபட்டுவிடும். எடையே வைக்காமல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு குதித்துக் குதித்துப் போவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் காலைத் தூக்கிப் பிடிப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசை நாள் முழுக்க இறுகியே இருக்கும். பாதம் தரையைத் தொடட்டும்.

அந்த முன்பக்கத் தசையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முதுகெலும்பிலிருந்தும் இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்தும் இறங்கி, மூட்டை உரசிக்கொண்டு தொடையில் சேரும் தசை அது. காலை மடக்கித் தூக்குவது அதன் வேலை. அறுவைக்குப் பிறகு சீக்கிரம் கோபித்துக்கொள்வதும் அதுதான். கட்டிலில் ஏறும்போது அறுவை செய்த காலை அதன் பலத்திலேயே தூக்காதீர்கள். நல்ல காலின் பாதத்தை அடியில் கொடுத்துத் தூக்குங்கள், அல்லது ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிக் கையால் இழுங்கள். மல்லாந்து படுத்துக் காலை நேராக உயர்த்தும் பயிற்சியை முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் சொல்லித் தருவார்கள். முதல் மாதம் அதைத் தொடவே தொடாதீர்கள்.

தினசரி வேலைகள் இவ்வளவுதான். கணுக்காலை மேலும் கீழும் மணிக்கொரு தரம் அசைப்பது. புட்டத் தசையையும் தொடையின் முன்தசையையும் கால் அசையாமல் இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுவது. ஒரு நாளில் இரண்டு முறை, பதினைந்து இருபது நிமிடம் குப்புறப் படுப்பது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் முன்பக்கம் சுருங்கிப்போகும் என்பதால் இது. அப்புறம், பலருக்கும் முதல் வாரத்திலேயே உடற்பயிற்சி சைக்கிள் சொல்வார்கள். இருக்கையை உயர்த்தி, எதிர்ப்பு பூஜ்ஜியத்தில் வைத்து, நல்ல கால் மிதிக்க மற்றது கூடவே சுற்றி வர வேண்டும். வியர்த்தால் தப்பாகச் செய்கிறீர்கள். மூட்டுக்குள் தழும்பு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தச் சுற்றல். அதே காரணத்துக்காக, காலைத் தளர்வாகப் பிடித்துச் சிறு வட்டமாகச் சுழற்றிவிட வீட்டில் ஒருவருக்குப் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) சொல்லிக்கொடுப்பார். என் வீட்டில் அந்தப் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். தயிர் கடைகிற தாளத்தில் அதைச் செய்தார். அந்த வேகம் சரியாகத்தான் இருந்தது.

மல்லாந்து தூங்கும்போது பாதம் வெளிப்பக்கம் சரியும். சுருட்டிய போர்வையை முட்டுக்கொடுங்கள். ஒருக்களித்துப் படுப்பதானால் நல்ல பக்கம் கீழே, முழங்கால்களுக்கு நடுவே பருமனான தலையணை.

மருந்துச் சீட்டில் வீக்கம் குறைக்கும் மாத்திரை இரண்டு மூன்று வாரத்துக்கு எழுதியிருந்தால், வலி இல்லையே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மூட்டைச் சுற்றித் தேவையில்லாத இடத்தில் எலும்பு வளராமல் தடுக்கவும் சில மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். வயிறு எரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக வேறு மாத்திரை மாற்ற வேண்டாம்.

தொடையின் வெளிப்பக்கமோ பிறப்புறுப்பைச் சுற்றியோ மரத்துப்போயிருக்கலாம். காலை இழுத்துப் பிடித்ததாலும் துளைக்கு அருகே ஓடும் நரம்பாலும் வருவது. பெரும்பாலும் சில நாள், சில வாரத்தில் தெளியும். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஃபோன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஊன்றுகோலை விடுவது

இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து பூஜ்ஜியம். ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளும்போது அது நல்ல காலின் பக்கம் இருக்க வேண்டும். பலரும் நோவுள்ள பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு அதன் மேல் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள்.

எப்போது விடலாம் என்பதற்குக் காலண்டரைப் பார்க்காதீர்கள். யாரையாவது பின்னாலிருந்து ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அறுவை செய்த காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரிகிறதா, அல்லது உடம்பு முழுக்க அந்தக் கால் பக்கம் சாய்கிறதா? அப்படியானால் பக்கவாட்டுப் புட்டத் தசை இன்னும் விழிக்கவில்லை. ஊன்றுகோல் தொடரட்டும். ஊன்றுகோல் இல்லாமல் நொண்டுவதைவிட ஊன்றுகோலோடு நேராக நடப்பது நல்லது, ஏனென்றால் நொண்டல் மூன்று வாரத்தில் பழக்கமாகிவிடும், அதைக் கழற்ற மூன்று மாதம் ஆகும்.

காயம் முழுக்க மூடி, மருத்துவர் சம்மதித்த பிறகு தண்ணீரில் நடக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவு என்றால் இன்னும் குறையும். நீச்சல் தெரிந்தவர்கள் தவளை மாதிரிக் காலை அகட்டி உதைப்பதை மட்டும் சில மாதம் தள்ளிவையுங்கள்.

பைக்கை எப்போது எடுக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். கியர், பிரேக், கிக்கர் என்பதைவிட, சிக்னலில் வண்டி சரிந்தால் அந்தக் காலை ஊன்றித் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. பின்னால் உட்கார்ந்து போவதிலும் காலை அகட்டித் தூக்கிப்போட்டு ஏறுவது இருக்கிறது. ஆட்டோவே மேல்.

வலி போன பிறகு வரும் மாதம்

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். நடை சீராகிவிடும். வலி இருக்காது. அலுவலகம் போவீர்கள். 'என்னப்பா, நல்லாத்தானே இருக்க' என்பார்கள். உள்ளே தைத்த லேப்ரம் இன்னும் எலும்போடு ஒட்டிப் பலப்பட்டுக்கொண்டிருக்கிறது. புட்டத் தசையோ பாதி பலத்தில் கிடக்கிறது. அந்தக் குறையையெல்லாம் முன்பக்கத் தசை தன் தலையில் போட்டுக்கொண்டு சமாளிக்கிறது.

ஏழாம் வாரம், ஒரு சாயங்காலம், தெருவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து என் பக்கம் உருண்டு வந்தது. திருப்பி உதைத்தேன். பலமாக இல்லை, சும்மா ஒரு தட்டு. அந்தக் கணம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி தொடையிடுக்கில் கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. தையல் பிரிந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பிரியவில்லை, தசைநார் வீங்கியிருந்தது. ஆனால் மூன்று வாரம் பின்னால் போனேன். என் பிசியோ திட்டவில்லை. தன் நோட்டில் '7' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு '4' என்று எழுதினார். திட்டியிருக்கலாம்.

இந்தச் சமயத்துக்கு ஒரு அளவுகோல் உதவும். வலிக்குப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது இரண்டு வரை பரவாயில்லை, அதுவும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால். மறுநாளும் நீடித்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். தசை களைத்து எரிவது வேறு. தொடையிடுக்கில் கிள்ளுவது போன்ற வலி வேறு. கிள்ளல் எப்போது வந்தாலும் அந்த அசைவை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். 'தாங்கிக்கிட்டா சரியாயிடும்' என்று மைதானத்தில் கற்ற பாடம் இங்கே செல்லாது.

இந்த மாதத்தின் பயிற்சிகள் பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, பிறகு அதையே ஒற்றைக் காலில். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. கையும் காலும் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்ந்து வருவது. கணுக்காலில் ரப்பர் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நண்டு நடை. எனக்கு 90 கிலோ வைத்து ஸ்குவாட் செய்த காலம் உண்டு. ஒருக்களித்துக் காலைப் பத்து முறை தூக்கியதும் நடுங்கியபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தது. மூன்றாம் மாதத்தில் படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, லஞ்ச் (ஒரு காலை முன்னால் எட்டி வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது), பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது) என்று ஏறலாம். கண்ணாடி முன் செய்யுங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்தால் அந்த முறை கணக்கில் இல்லை.

ஓட்டம்

பொதுவாகப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி. அதற்கும் முன்நிபந்தனை உண்டு: அரை மணி நேரம் வேகமாக நடந்து மறுநாள் எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் பத்து முறை படி இறங்கும்போது இடுப்பு சரியக் கூடாது. தேறிவிட்டால் சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். தூரத்தை முதலில் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம், மேட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பொறுமை போகும்போது பெரிய ஆட்டக்காரர்களைப் பார்ப்போம், தப்பில்லை. ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2023 ஜூனில் பார்சிலோனாவில் இடுப்பில் ஆர்த்ரோஸ்கோபி செய்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பியது 2024 ஜனவரியில், பிரிஸ்பேனில். ஏழு மாதம். அங்கேயே மூன்றாவது ஆட்டத்தில் தசையில் சிறு கிழிசல் ஏற்பட்டு, ஆஸ்திரேலிய ஓப்பனை விட்டு விலகினார். இன்னொரு டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2018 ஜனவரியில் மெல்போர்னில் இடுப்பு அறுவை செய்தும் வலி விடவில்லை. 2019 ஜனவரியில் லண்டனில் தொடை எலும்புப் பந்தின் மேல் உலோகத் தொப்பி பொருத்தும் அறுவைக்குப் போனார். அந்த ஜூனில் ஃபெலிசியானோ லோபஸுடன் குவீன்ஸ் கிளப் இரட்டையர் பட்டம், அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் வாவ்ரிங்காவை வென்று ஒற்றையர் பட்டம். இதைப் படித்துவிட்டு ஐந்து மாதத்தில் பட்டம் என்று கணக்குப் போடாதீர்கள்: அவர் முதலில் இரட்டையர்தான் ஆடினார், பாதி மைதானம்தான் ஓடினார். தவிர, உலோகத் தொப்பி வைத்தவருக்கான மறுவாழ்வு அட்டவணை வேறு. தைத்த லேப்ரத்துக்கு அது பொருந்தாது.

மைதானம்

நான்கு முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு ஏழு ஆனது. இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றைக் காலில் தாண்டி அதே காலில் நிலையாக இறங்கும் தூரம், மூன்று தொடர் தாவல், பக்கவாட்டுத் தாவல். அறுவை செய்த கால் நல்ல காலில் தொண்ணூறு சதவீதத்தையாவது எட்ட வேண்டும். பிசியோவிடம் தசை பலத்தை அளக்கும் கருவி இருந்தால் அதிலும் பாருங்கள். நாடா வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். கண்மதிப்பு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும்.

பிறகு அவரவர் ஆட்டத்தைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும். கால்பந்து என்றால் உள்பாதத்தால் ஐந்து மீட்டர் பாஸ், பிறகு இருபது மீட்டர், கடைசியில்தான் முழு வீச்சில் ஷாட். நேராக ஓடுவது, வளைவாக ஓடுவது, முன்பே சொல்லிவைத்த திசையில் வெட்டித் திரும்புவது, எதிராளியைப் பார்த்துச் சட்டென்று திரும்புவது என்று அந்த வரிசையில். பேட்மிண்டன்காரர்களுக்கு வலைக்கு அருகே எட்டிக் குனியும் அடிதான் பரீட்சை. வேகப்பந்து வீசுபவர்கள் ஓட்டத்தைச் சுருக்கி, பந்துகளை எண்ணி வீச வேண்டும். கபடிக்காரர்கள் நிலைமைதான் கடினம். தாழக் குந்தி, காலை நீட்டி, யாரோ அந்தக் காலையே பிடித்து இழுப்பதுதான் ஆட்டம். பிடி இல்லாத பயிற்சியில் பல வாரம் கழித்த பிறகே பிடிக்கு வர வேண்டும்.

முதல் போட்டியில் முழு நேரமும் ஆட ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் பயிற்சியாளரிடம் நானே போய், கடைசி இருபது நிமிடம் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அணி அதற்குள் இரண்டு கோல் வாங்கியிருந்தது. அந்த இருபது நிமிடத்தில் பந்து என் காலுக்கு நான்கு முறை வந்தது. நான்கையும் பக்கத்தில் நின்றவனுக்கே தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து வலிக்கு மதிப்பெண் போட்டேன்: ஒன்று. மறுநாள் காலை, பூஜ்ஜியம்.